ஒருவழி வால்வு

மேல்வீட்டு த்ராகோமீரா
மீன்தொட்டி வாங்கிய வாரத்திலிருந்து
என் கூரை 'ம்' என்கிறது.

யாரோ விடாமல் கதை சொல்ல
யாரோ விடாமல் உம் கொட்டுவதுபோல்
ம்ம்ம்ம்ம்.
கதை மட்டும் எனக்குக் கேட்பதில்லை.

நான் ரொட்டி சுடுபவன்.
மாலை ஆறுக்குப் படுத்து
இரவு இரண்டுக்கு எழுகிறவன்.
ஓஸ்ட்ராவாவின் இந்தக் கான்கிரீட் அடுக்கில்
ஐந்தாம் மாடிக்காரன் தும்மினால்
முதல் மாடிக்காரி ஆயுசு நூறு என்பாள்.
சுவர் என்று பெயர், அவ்வளவுதான்.

ஏழு நாள் பொறுத்தேன்.
எட்டாம் நாள் மேலே போய் மணியடித்தேன்.
டிராம் பணிமனைச் சீருடையோடு கதவைத் திறந்தாள்.
தொட்டியில் இரண்டு தங்கமீன்கள்.
ஒன்றின் பெயர் எட்டு, மற்றது பதினேழு.
"நான் அனுப்பிவைக்கும் வண்டிகள்" என்றாள்,
சிரிக்காமல்.

பம்பு தரையில் கிடந்தது,
துணி சோப்பு அளவுதான்.
உள்ளே ஒரு ரப்பர் சவ்வு
நொடிக்கு ஐம்பது தடவை துடிக்கிறதாம்.
"ஆறு மணியானால் நிறுத்திவிடுகிறேன், ஒல்ட்ரிக்."
நன்றி சொன்னேன்,
வழக்கில் ஜெயித்தவன் சொல்லும் நன்றி.

அன்றைக்கு அமைதி.
அமைதிக்குள் என்னென்ன இருக்கும் என்பதை
மறந்தே போயிருந்தேன்:
ஃபிரிட்ஜின் பெருமூச்சு, கீழ்வீட்டு இருமல்,
என் காதுக்குள்ளேயே ஓடும் ஏதோ ஒன்று.
புரண்டு புரண்டு படுத்தேன்.

பத்தரைக்கு
நெற்றியில் ஒரு சொட்டு.
துடைத்தேன்.
இன்னொன்று.

பம்பு நின்றால்
காற்று போன குழாய் வழியே
தண்ணீர் திரும்பி வரும்.
பம்பு தொட்டிக்குக் கீழே இருந்தால்
வந்துகொண்டே இருக்கும்.
இது எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது.
தண்ணீருக்குத் தெரிந்திருந்தது.

செருப்பில்லாமல் ஓடினேன்.
இரவு உடையில் அவள், கணுக்காலளவு பதற்றம்,
கம்பளம் முழுக்கக் குளம்.
தொட்டியில் மிச்சம் நாலு விரல் தண்ணீர்.
அதில் பக்கவாட்டில் சாய்ந்து
எட்டும் பதினேழும்
ஓ, ஓ என்று வாய் பிளந்து
எங்கள் காற்றை எங்களிடமே கேட்டன.

நான் குழாயை உருவினேன்.
அவள் வாளி வாளியாய்,
குளோரின் போக எடுத்துவைத்த தண்ணீரை
ஒரு தட்டின்மேல் மெல்ல ஊற்றினாள்.
யாரும் யாரையும் மன்னிப்புக் கேட்கவில்லை.
அதற்கு நேரமில்லை.

பிறகு ஒரு பழைய மாவுச்சாக்கை
எட்டாய் மடித்து அலமாரி உச்சியில் வைத்து
ஈரம் காய்ந்த பம்பை அதன்மேல் ஏற்றினேன்.
சனிக்கிழமை கடையில்
சட்டைப் பொத்தான் அளவு வால்வு ஒன்று வாங்கினேன்.
காற்று போகலாம், தண்ணீர் வரக்கூடாது.
முதல் தடவை தலைகீழாய் மாட்டி
அரைமணி நேரம் குமிழியே வராமல்
பம்பைத் திட்டிக்கொண்டிருந்ததை
அவள் இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

சாக்கின்மேல் 'ம்' மெலிந்துவிட்டது.
கவனித்தால்தான் கேட்கும்.
கவனிக்கிறேன்.

பிப்ரவரியில் ஒரு நள்ளிரவு விழித்துக்கொண்டேன்.
சத்தத்தால் அல்ல,
அது நின்றதால்.
தெருவிளக்குகளும் செத்திருந்தன.
கூரையைப் பார்த்துக் காத்திருந்தேன்.
சொட்டவில்லை. வால்வு சொன்ன சொல் தவறவில்லை.
ஆனால் மேலே
சளக்.
கொஞ்சம் இடைவெளி.
சளக்.

கோப்பையால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினால்
விழும் தண்ணீர் கொஞ்சம் காற்றைக்
கையோடு இழுத்துப் போகும்.
தனி ஆள், எவ்வளவு நேரம் மொள்வாள்?

பால் காய்ச்சும் என் கரண்டியை எடுத்துக்கொண்டு
இருட்டில் படி எண்ணி ஏறினேன்.
பத்து நிமிடம் அவள், பத்து நிமிடம் நான்.
டார்ச் வெளிச்சத்தில் பதினேழு
கரண்டிக்கு அடியிலேயே வந்து நின்றது.

மின்சாரம் வந்தபோது மணி நாலேகால்.
அன்று காலை எங்கள் பேட்டையில்
ரொட்டி இரண்டு மணி நேரம் தாமதம்.
முதலாளி காரணம் கேட்டார்.
மீன் என்றேன்.
அவர் முகர்ந்து பார்த்தார்.