நாற்பத்தொன்றாம் எண்ணின் வலக்கை

மொந்தேவிதேயோவில் ஜனவரி.
வெளியே தார்ச்சாலை இளகிக்கொண்டிருக்கிறது.
இங்கே இருபத்திரண்டு டிகிரி, திரை இழுத்த அறை,
சுவரில் ‘பேசக்கூடாது.’ எழுதி ஒட்டியது நான்தான்.

நாற்பத்தொன்று வந்துவிட்டார்.
வால்டெமார் பிந்தோஸ் என்பது பெயர்;
தாள்களில் அதற்கு இடமில்லை.
செர்ரோவில் இறைச்சிக் குளிர்கிடங்கில் இரவு வேலை,
மாலை நான்கு மணிதான் அவருக்கு விடியல்.
எட்டு மணி நேரப் பட்டினி. சிகரெட் இல்லை,
மாத்தே இலைச்சாறு இல்லை.
ஆனாலும் கக்கத்தில் பிளாஸ்க்.
திறந்து காட்டுகிறார்: காலி.
“இது இல்லாட்டி இந்தப் பக்கம் குளிருது, நீபியா.”

முழங்கைக்குக் கீழே பட்டை.
மேலே என் ஆய்வுமுனை, நீலக் கூழ்.
திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள்,
நடுவே கருப்பாய்த் தமனி.
கோட்டின் உள்விளிம்பில்
ஒற்றைச் செல் கனத்தில் ஒரு விரிப்பு இருக்கிறது,
என் கருவிக்கு அகப்படாது.
ஓடும் ரத்தம் உரசினால் அதற்குத் தெரியும்.
சில நொடியே வாழும் ஒரு வாயுவை ஊதி
வெளியே இறுகி நிற்கும் தசையிடம்
கொஞ்சம் தளர் என்று சொல்லும்.
சொல்ல மறந்த விரிப்பில்தான்
கொழுப்பு குடியேறுகிறது,
நெஞ்சு வலிப்பதற்குப் பல வருடம் முன்னால்,
ஓசையில்லாமல், வாடகை பேசாமல்.

பட்டையை இறுக்குகிறேன். ஐந்து நிமிடம்.
கை வெளுக்கும், மரக்கும், எறும்பு ஊரும்.
பிறகு விடுவேன். வெள்ளம் பாயும்.
தமனி எவ்வளவு விரிந்தது என்று
மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை அளப்பேன்.
நெகிழ்ச்சி என்று அதற்குப் பெயர்,
சதவீதத்தில்.

முதல் வருகை: 4.11 விரிந்து 4.22.
ஆறாம் மாதம்: 4.23.
விழுங்குவது மருந்தா வெறும் மாவா,
அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இன்று கடைசி.
மூன்றாம் நிமிடத்தில் தெருவிலிருந்து முரசு.
பலெர்மோக் குழு, பிப்ரவரி ஊர்வலத்துக்கு ஒத்திகை.
சன்னல் மூடியிருந்தும் தரை வழியாக ஏறுகிறது.
கண்ணைத் திறக்காமலே சொல்கிறார்:
“அந்தப் பெரிய முரசு, கொஞ்சம் பிந்தி விழுது பாருங்க,
அது ரோசீனா. என் மகள்.”
சுவரைக் காட்டுகிறேன்.
“ஒன்பது வருஷமா அவளும் அதைத்தான் கடைப்பிடிக்கிறா.”

கண்ணீர் காதை நோக்கி இறங்கியது.
என் கை ஆய்வுமுனையில்;
மயிரிழை அசைந்தாலும் படம் போய்விடும்.
துடைக்கவில்லை.
நாடி எழுபதிலிருந்து தொண்ணூற்றாறு.
பட்டையை விட்டேன்.
4.11. 4.19. 4.30.

4.37.

ஆறு சதவீதத்துக்கும் மேல்.
ஒரு வருடமாக இந்தக் கையில் நான் பார்க்காத எண்.
வீட்டில் நெஞ்சழுத்தக்காரன் என்று பட்டம் வாங்கியவராம்,
அவரே பிறகு சொன்னார்.

அந்த எண்மேல் எனக்கு ஆசை வந்தது, ஒளிக்க மாட்டேன்.
மாத்திரையின் வேலையாக இருக்கலாம்.
முரசின் வேலையாக இருக்கலாம்.
வேகமாய் ஓடிய இதயம் செய்த கணக்குப் பிசகாகவும்.
மூன்றையும் பிரிக்கத் தெரியாத அளவை
அறிவென்று எழுதிவைத்தால்
வேறெங்கோ ஒருவர் நம்பி விழுங்குவார்.
‘விதிமீறல்: அறையில் ஓசை. பங்கேற்றவர் பேசினார்.’
கண்ணீருக்குப் படிவத்தில் கட்டமில்லை.
4.37ஐ அடித்தேன்.
ஒரே கோடு, என் முதலெழுத்து, தேதி.

அடுத்த வாரம் மறுபடி வரவேண்டும் என்றேன்.
“நல்ல எண்ணா, கெட்ட எண்ணா?”
“செல்லாத எண்.”
சிரித்தார். கூழைத் துடைத்துக்கொண்டே
வெந்நீர் கிடைக்குமா என்று கேட்டார்.
கொதிக்கும் முன்பே இறக்கிவிட வேண்டுமாம்.
பிளாஸ்க் நிறைந்ததும் வலக்கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்,
பட்டையின் சிவப்புத் தடம் மறையாத கையில்.

திரையை விலக்கிப் பார்த்தேன்.
பேருந்து நிறுத்தம் வலப்பக்கம்.
முரசு இடப்பக்கம்.
அவர் வாசலிலேயே நின்று
முதல் குவளையை ஊற்றிக்கொண்டிருந்தார்.