முந்நூற்று இரண்டு

ஸ்டாக்ஹோமில் ஆகஸ்ட் முடிகிற வாரம்.
காப்பீட்டு அலுவலகத்தில் மூன்றாம் மேசை என்னுடையது.
காலை எட்டுக்கெல்லாம் அழைக்கத் தொடங்குவார்கள்:
முதுகுப் பிடிப்பு, சளிக்காய்ச்சல், பிள்ளைக்கு அம்மை,
நேற்றிரவுக் குடி, அதற்கு வயிற்றுக்கோளாறு என்று பெயர்.
எதற்கும் ஓர் எண் உண்டு, தடித்த நீலப் புத்தகத்தில்.
எண் விழுந்தால்தான் படிக்காசு.

"இன்றைக்கு வேலைக்குப் போக முடியாது."
பெயர்?
"மாய்பிரித் எக்ஸ்ட்ரோம். சுரங்க ரயில் பணிமனை, வெல்டர்."
உடம்புக்கு என்ன?
"பெண்களைக் காதலிக்கிறேன்."
பொதுத் தொலைபேசிக்குள் நாணயம் உருளும் ஓசை.
பின்னால் யாரோ சிரிப்பை அடக்குகிறார்கள்.
"காலையில் எழுந்து பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது.
நேற்றைவிட ஒரு சுற்று கூடுதலாக."

பேனா தானாக எழுதியது.
புத்தகத்தைப் புரட்டாமல் எனக்குத் தெரிந்த எண்
அது ஒன்றுதான்.

சிஸ்ஸெலாவின் கோப்பில் அதைத் தலைகீழாகப் படித்திருக்கிறேன்,
அறைத்தோழி என்று சொல்லிக்கொண்டு
டாக்டர் லிண்டெலின் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து.
கொடியவர் அல்லர் அவர். காப்பி ஊற்றித் தந்தார்,
சர்க்கரை எத்தனை என்று கேட்டார்.
அவள் அண்ணன் கொண்டுவந்து கொடுத்த புகைப்படம்
கோப்பின் ஓரத்தில் பிதுங்கிக்கொண்டிருந்தது:
ஓலாண்ட் கடற்கரை, ஈரத் தலையோடு நான்.

முதலில் ஊசி. பத்து நிமிடத்தில் குமட்டல் வரும்.
குமட்டல் வரும்போது படம்.
ஆறு வாரம், நாளுக்கு இரண்டு வேளை, என் முகம்.

வீடு திரும்பியவள், கதவைத் திறந்த என்னைப் பார்த்ததும்
வாயைப் பொத்திக்கொண்டு கழிவறைக்கு ஓடினாள்.
எனக்குக் கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டாள்.
தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே, மன்னித்துக்கொள், மன்னித்துக்கொள்.

காதலை நோய் என்று பாடியவர்கள் உண்டு:
மேனி வெளிறும், வளை கழலும், தூக்கம் போகும்.
இந்தக் குமட்டலை ஒருவரும் பாடவில்லை.
கோப்பில் கடைசி வரி: குணம்.

பத்தரைக்குள் ஏழு அழைப்புகள்.
ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அடுமனையில் வேலை செய்யும் இருவர், ஒரே கூண்டிலிருந்து.
குரல் நடுங்கிய ஒருத்தி பெயரைச் சொல்லாமலே வைத்துவிட்டாள்.
மேலாளர் ரூனே வந்து நின்றார். "கேலி செய்கிறார்களா?"
"புத்தகத்தில் இருக்கிறதே" என்றேன்.
"நோய் என்றால் விடுப்பு உண்டு."
வாங்கிப் புரட்டினார். விரலால் வரியைத் தடவினார்.
அச்சு அழியவில்லை.

மதிய வானொலியில் சொன்னார்கள்:
சுகாதார வாரியத்தின் படிக்கட்டை மறித்து
முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்களாம்,
பதாகை, பாட்டு, தெர்மாஸில் காப்பி.

சாலையைக் கடந்து எதிர்க் கூண்டுக்குள் நுழைந்து
என் மேசைக்கே அழைத்தேன்.
கண்ணாடிக்குள் ஆல்ஃப்ஹில்ட் எட்டி எடுப்பது தெரிந்தது.
எனக்கு உடம்பு சரியில்லை என்றேன்.
எப்போதிலிருந்து?
பன்னிரண்டு வயதிலிருந்து.
அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. எழுதிக்கொண்டாள்.
"கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு போ" என்றாள்,
"அந்தப் படிக்கட்டு கல்."

இலை உதிரும் மாதத்தில் சுற்றறிக்கை வந்தது.
கூடவே, பசை தடவிய வெள்ளைத் துண்டு ஒன்று,
எண்ணின்மேல் ஒட்டிக்கொள்ள.
நானே ஒட்டினேன். ஓரங்களை நகத்தால் தேய்த்தேன்.
வெளிச்சத்தில் பிடித்தால் இன்னும் தெரிகிறது.

சிஸ்ஸெலா சுந்த்ஸ்வாலில் இருக்கிறாள், கணவனோடு.
கிறிஸ்துமஸுக்கு அட்டை அனுப்புவாள், படமில்லாத அட்டை.
அவளுக்கு எழுத உட்கார்ந்தபோது
சுற்றறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.
நோயாளிகள் இனி நோயாளிகள் அல்லர் என்றிருந்தது.
குணமானவர்களைப் பற்றி
திருப்பியும் பார்த்தேன்,
பின்பக்கம் வெற்றுத் தாள்.