அடிக்கணக்கு

ராத்திரி பதினொண்ணே கால்.
திருச்செங்கோடு, சங்ககிரி ரோடு, ரிக் ஆபீஸ்.
ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது.
இருபத்திரண்டு வண்டிகள்
ராய்ப்பூரிலும் நாந்தேடிலும் பூமியைத் துளைத்துவிட்டு
அன்றைய அடிக்கணக்கை அனுப்பும் நேரம்.
வாங்கிப் போடவேண்டிய சர்வர்
விக்கிக்கொண்டு நிற்கிறது.

சர்வர் என்பது பேருக்குத்தான்.
ஒரே இரும்புப் பெட்டிக்குள் ஏழு குடித்தனம்.
தனித்தனிக் கதவு, தனித்தனிக் கடிகாரம்,
ஒவ்வொன்றுக்கும் வீடே தன்னுடையது என்று நினைப்பு.

கணக்கெழுதும் நாலாவது குடித்தனத்துக்குள் போய்க் கேட்டேன்.
பதினாறு ஜி.பி.யில் பதினஞ்சரை தீர்ந்தது என்றது.
வெளியே வந்து வீட்டு ஓனரைக் கேட்டேன்.
எட்டுதான் போயிருக்கிறது என்றான்.
அதிலும் கடைசியாக எட்டிப் பார்த்தபோது
அது தொட்டது ரெண்டுகூட இல்லை என்றான்.

போனில் அர்த்தநாரி அண்ணன்:
"ஏனம்மிணி, அதுல எடம் இருக்குதா இல்லியா?
ஒரே பேச்சா சொல்லு."

என்னிடம் மூன்று பேச்சு இருந்தது.

படித்த தாளை மடித்து வைக்கும் பழக்கம் அதற்கு உண்டு,
மறுபடி கேட்டால் சட்டென்று எடுக்க.
அந்தத் தாள்களைத் தூக்கி வெளியே போட்டேன்.
முள் அசையவில்லை.
ஓடும் வேலைகளை ஒவ்வொன்றாகக் கூட்டினேன்,
சில்லறையையும் விடாமல்.
ஏழரை.
ஏழரையா என்று சிரிக்கப் பக்கத்தில் ஆளில்லை.
மிச்சம் எட்டு யார் பேரிலும் இல்லை.
தின்றவன் இல்லாத சோறு.

இதற்கு நடுவில் நாந்தேடிலிருந்து நாச்சிமுத்து.
தோட்டக்காரன் பணம் தரமாட்டேன் என்கிறானாம்.
இவன் பதினேழு ராடு இறக்கினான்,
ராடுக்கு இருபது, முந்நூத்தி நாற்பது அடி.
அவன் கயிற்றில் கல்லைக் கட்டி விட்டான்,
முந்நூத்திப் பத்தில் நின்றுவிட்டது.
"உள்ளார மண்ணு சரிஞ்சுபோச்சுங்க.
நான் போனதும் நெசம், அவன் அளந்ததும் நெசம்.
எதை ஏத்தட்டும்?"

பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன்.
வைத்த பிறகுதான் உறைத்தது.
ஓனர் சொன்ன எட்டு, இறக்கிய ராடு.
ரெண்டு என்றது, கயிறு.
குடித்தனம் சொன்ன பதினஞ்சரையை மட்டும்
எதிலும் சேர்க்க முடியவில்லை.

ஒரு மணி வாக்கில், செட்டிங்ஸின் அடிக்கோடியில்,
யாரும் திறக்காத ஒரு கட்டத்தில் பார்த்தேன்:
உச்சவரம்பு, எட்டு.
நவநீதன் இருந்த காலத்துப் பழைய அச்சு,
அதிலிருந்து நகலெடுத்த குடித்தனம்.
அப்புறம் யாரோ வாசல் பலகையை மட்டும்
பதினாறு என்று மாற்றியிருக்கிறார்கள்.
பின்கட்டுச் சங்கிலியை அவிழ்க்கவில்லை.

உள்ளே இருப்பது பதினாறை நம்பும்.
ஓனரால் எட்டுக்கு மேல் தர ஆகாது.
ஆகவே அவன் ஆளையே உள்ளே அனுப்பி
ஒரு பலூனை ஊதச் சொல்லியிருக்கிறான்.
வைகாசித் தேருக்கு விற்கிற மாதிரிதான்,
காற்றுதான்,
ஆனால் எட்டு ஜி.பி. இடத்தை அடைத்துக்கொண்டு
மூலையில் மூச்சுக் காட்டாமல் நிற்கிறது.
எங்கள் மலைச்சாமி போலச் சரிபாதி.
சாமிக்கு மட்டும் தன் மறுபாதி யாரென்று தெரியும்.

நவநீதனைத் திட்ட வாயெடுத்தேன்.
பெங்களூரில் தூங்கட்டும் என்று
பலகையை மாற்றியவன் பேரைத் தேடினேன்.
போன ஆடி, பதினெட்டாம் பெருக்கன்று,
பதினொன்று நாற்பதுக்கு.
பேர் என்னுடையது.

சங்கிலியை அவிழ்த்தேன்.
பலூன் சத்தமில்லாமல் சுருங்கியது.
பதினஞ்சரை பதிமூன்றாகி, பத்தாகி,
ஏழரையில் வந்து உட்கார்ந்தது.
ஓனர் பக்கம் எட்டு ஒன்பதாகி
பதினொன்றுக்கு ஏறிவிட்டது.
இப்போதும் ரெண்டும் ஒத்துப்போகவில்லை.
இது வேறு மாதிரி ஒத்துப்போகாமை,
இதோடு நான் தூங்கலாம்.

அடிகள் வரத் தொடங்கின.
மூன்றாம் வண்டி அறுநூத்தி நாற்பது, புகை மட்டும்.
ஒன்பதாம் வண்டி இருநூத்திப் பத்து, மூணு இஞ்சுத் தண்ணி.
பதினாலாம் வண்டி, நாச்சிமுத்து:
முந்நூத்தி நாற்பது.
குறிப்பு: முந்நூத்தி இருபத்தஞ்சுக்குப் பணம் வாங்கியாச்சு.

அண்ணனுக்கு ஒரே பேச்சாக அனுப்பினேன்.
"இருக்குதுங்ணா."