மூன்றாம் மாடி, இரவு எட்டரை

அரை மணிக்கு ஒருமுறை நடக்க வேண்டும்.
தரைத்தளத்தில் தொடங்கி மாடி மாடியாக
யார் எங்கே இருக்கிறார்கள் என்று
வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும்.
படிப்பவருக்கு நீலம், பேசுபவருக்குப் பச்சை,
சாப்பிடுபவருக்கு ஆரஞ்சு.
தூங்குபவருக்கு நிறமே ஒதுக்கவில்லை.
கேட்டேன்.
"புத்தகம் திறந்திருந்தால் நீலம்" என்றார்
பேராசிரியர் நொரோவ்ஸம்பூ.

கட்டடம் புதுசு.
வரைந்தவர் பெரிதும் நம்பியது கண்ணாடிக் கூடத்தை.
மஞ்சள் மெத்தைகள், வட்டம் வட்டமாக.
'சந்திப்பின் இதயம்' என்று சுவரில் எழுதியிருக்கிறது.
இதயத்தில் நான் கண்டவை
மூன்று கோட்டுகள், ஒரு ஒற்றைக் கையுறை.
உலான்பாத்தரின் டிசம்பரில்
கண்ணாடிக்குப் பக்கத்தில் எவன் உட்காருவான்?

வேதியியல் பெண்கள் எல்லாரும்
இரண்டாம் மாடிப் படிக்கட்டின் பின்னால்,
வெந்நீர்க் குழாயின் விலாவெலும்புகளில்
முதுகைச் சாய்த்துக்கொண்டு தரையில்.
வரைபடத்தில் அந்த இடம் 'கடந்து செல்லும் வழி'.
கடந்து செல்பவர்
கால்களைத் தாண்டித் தாண்டிப் போகிறார்.

ஏழாம் கேள்வி:
இங்கே உங்களுக்குப் பிடித்த இடம் எது, ஏன்?
'பதினோராம் எண் பிளக். மற்றதெல்லாம் லொடலொடவென்று ஆடுகிறது.'
'நான்காம் மாடிக் கழிவறை. கதவு முழுசாகச் சாத்தும்.'
'கடைசி பஸ் வரும்வரை, எந்த இடமும்.'
கடைசிப் பதிலை எழுதியவன் யாரென்று
எனக்குத் தெரியும்.

தமீர். நில அளவையியல், இரண்டாம் ஆண்டு.
வடக்கு மேட்டில் கூடார வீடு, ஒரே அடுப்பு,
அதைச் சுற்றி ஆறு பேர்.
எட்டு மணிக்குமேல் மூன்றாம் மாடியில்
அவன் ஒருவன்தான்.
"இங்கே இருமல் வருவதில்லை" என்றான்.
பிறகு என் தாளை எட்டிப் பார்த்து,
"நான் என்ன நிறம்?"

நீலம் என்றேன்.
"நிஜமாகவா? நான் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறேன்."

எந்த மாடியை இரவில் பூட்டலாம்,
எங்கே சூட்டைக் குறைக்கலாம்
என்பதற்குத்தான் இந்தக் கணக்கெல்லாம்.
இது எனக்கு மூன்றாம் வாரம்தான் தெரிந்தது,
அதுவும் சம்பளச் சீட்டின் தலைப்பில்:
எரிசக்தி சிக்கனத் திட்டம்.

விதி நான்கு:
எண்ணுபவர் தன்னை எண்ணக் கூடாது.
ஆட்டத்தில் நான் ஒப்புக்குச் சேர்த்துக்கொண்டவள்.
அன்று எட்டரைக்கு
அவன் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
பையிலிருந்து ஒரு புத்தகம் எடுத்துத் திறந்தேன்.
என்ன புத்தகம் என்று இப்போது நினைவில்லை.
இரண்டு நீலம்.

ஒன்பது இரவுகள் இப்படி.
திருடியவளைப்போல
ஒவ்வொரு முறையும் காது சூடானது.
சூடானது பிடித்தும் இருந்தது.

அறிக்கை வந்தது.
மூன்றாம் மாடி, அறுபது இருக்கை,
எட்டு மணிக்குப் பின் சராசரி இரண்டு.
நூற்றுக்கு மூன்றே சொச்சம்.
பொய் சொல்லியும் அவ்வளவுதான்.
ஜனவரியில் பூட்டிவிட்டார்கள்.

பிப்ரவரியில், என் வேலை முடிந்த பிறகு,
மறந்துவிட்ட குடுவையை எடுக்கப் போனேன்.
வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவே
சூடான காற்று மேலிருந்து ஊதும் அந்தச் சின்ன இடத்தில்
நின்றுகொண்டே படித்துக்கொண்டிருந்தான்.
ஆள் நுழையும்போதெல்லாம் ஒதுங்கினான்.
ஒவ்வொருவரோடும் கொஞ்சம் குளிரும் உள்ளே வந்தது.
"இங்கே பஸ் வருவதும் தெரிகிறது" என்றான்,
ஏதோ நான் கேட்டுவிட்டதுபோல.

வீட்டுக்கு வந்து பழைய வரைபடத்தை விரித்தேன்.
இரண்டு கதவுகள். அவற்றுக்கு நடுவே
பேனா முனை அளவுகூட இடமில்லை.
புள்ளி வைத்தேன்.
பாதி சுவர்மேல் விழுந்தது.