பெப்ரவரி எனக்கு

டயர் கம்பெனிக் காலண்டர் அது.
துரை பங்களா குசினியிலிருந்து
அப்பு கொண்டுவந்து கொடுத்தார்.
1957. அடியில் ஊர்ப்பேர்: ஒஹாயோ.
டிக்கோயா தெரியும், நானுஓயா தெரியும்.
"இது எந்தப் பக்கத்து ஓயா, சார்?"
என்றாள் பெருமாயி.
ஆசீர்வாதம் மாஸ்டர் சிரிக்கவில்லை.
சுவரில் சோக்கால் நீளமாக ஒரு கோடு இழுத்து
"இவ்வளவும் கடல்" என்றார்.

ஒரே அறை. ஐந்து வகுப்பு.
மூலையில் பால்மா பீப்பாய்;
அதன் வயிற்றில் இரண்டு கைகள் குலுக்கிக்கொண்டிருந்தன.
"இதுல நம்ம கை எது?" சிவனு கேட்டான்.
பால் கட்டிகட்டியாக இருந்தது.
ஊதி ஊதிக் குடித்தோம்.

பெப்ரவரிப் படம் ஒரு பள்ளிக்கூடம்.
இருபத்துமூன்று பிள்ளைகள், நெஞ்சில் கை.
நாட்டுக்கு வணக்கம் சொல்கிறார்களாம்.
நாங்களும் வைத்துப் பார்த்தோம்,
படபடவென்று அடித்தது.
மாஸ்டர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.
மழையும் இல்லை, காற்றும் இல்லை.

செப்டம்பரில் மஞ்சள் பஸ்.
அந்த மாதம்தான் பேப்பரில் படித்துச் சொன்னார்:
அதே நாட்டில் ஒன்பது பிள்ளைகள்
பள்ளிக்குள் போகப் பட்டாளம் வந்ததாம்.
பஸ்ஸுக்குள் எட்டி எட்டிப் பார்த்தோம்.
அந்த ஒன்பது பேர் அதில் இல்லை.

டிசம்பரில் ஊரெல்லாம் வெள்ளை.
"கொழுந்து கருகிப்போயிருக்கும்" என்றாள் பெருமாயி.
"அங்க இன்னைக்கி அரைப்பேருதான்."

வருசக் கடைசி. ஐந்தாம் வகுப்பும் கடைசி,
அதற்கு மேல் தோட்டத்தில் வகுப்பு இல்லை.
மாஸ்டர் காலண்டரைக் கிழித்துப் பங்கு வைத்தார்.
பதினான்கு பேர், பன்னிரண்டு தாள்.
அட்டை அங்கம்மாளுக்கு.
சிவனுவுக்கு மிஞ்சியது ஆணி.
எனக்குப் பெப்ரவரி, குறைச்சலான மாசம்.
அடைக்கலம் விரல்விட்டு எண்ணிச் சொன்னான்:
"அறுபத்துமூணுல இதே கிழமை திரும்பி வரும், சார்.
யாரும் தொலைச்சிராதீங்க."

வந்தது.
மறு வருசம் பெரியவர்கள் கையெழுத்துப் போட்டு
எங்களைப் பிரித்துக்கொண்டார்கள்.
எழுபத்துநாலிலும் வந்தது.
ரேசன் மாவுக்குக் கியூவில் நின்றபோது
அடைக்கலம் தலைமன்னாரில் கப்பல் ஏறிவிட்டதாகச் சொன்னார்கள்.
அவனிடம் இருந்தது எந்த மாசம்?
பெருமாயி ஒக்டோபர் என்கிறாள், செட்டை வைத்த கார்.
கோத்தகிரியிலிருந்து சிவனு எழுதுகிறான்:
கார் இல்லை, ஐஸ்பெட்டி;
திறந்திருந்தது, உள்ளே முழுக் கோழி.
ஆணி அவன் வீட்டில்தான் இருக்கிறதாம்,
சாமி படம் மாட்டியிருக்கிறானாம்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதிலும்
பெப்ரவரி வெள்ளிக்கிழமை பிறந்தது.
காம்பராச் சுவரில் மாட்டினேன்.
இருபத்தெட்டு நாளும் அது தப்புச் சொல்லவில்லை.
பேத்தி போனில் பார்த்து ஒத்துக்கொண்டாள்.

இரண்டாம் வரிசையில் ஒருத்தி,
படம் பிடிக்கும்போது கண்ணை மூடிவிட்டாள்.
என் வயசுதான் இருக்கும்.
இருந்தால்.
நெஞ்சில் வைத்த கையை
இன்னும் எடுக்கவில்லை.