ஐஸ் லாரி பத்தேகாலுக்கு வரும்

மேசை என்னுடையது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
இலோயிலோவில், மீன்துறைக்குப் போகும் சாலையோரம்
தார்ப்பாய்க்குக் கீழே நிற்கிறது. ஒற்றைக் குழல்விளக்கு.
ஆட்டத்துக்குப் பத்து பெசோ வாடகை.
மழை பிடித்தால் மண் இளகி
ஒரு கால் மட்டும் இறங்கும்.
சிகரெட் அட்டையை நாலாய் மடித்துச் செருகுவேன்.
அதற்கு மேல் சமதளம் கேட்பவர்கள்
ஏசி போட்ட ஹாலுக்குப் போகலாம்.

ஃப்ளோரிசா போகமாட்டாள்.
இரவெல்லாம் மீன்பெட்டி அடுக்குகிறவள்.
குச்சியைத் தொடுமுன்
கலமான்சிப் பழத்தைப் பிழிந்து கைகழுவுவாள்.
அப்படியும் புறங்கையில் ஒரு செதில்
விளக்கொளிக்கு மினுங்கும்.

எல்லோரும் விழப்போகிற பந்தைப் பார்ப்பார்கள்.
அவள் கண் வெள்ளையிலேயே இருக்கும்.
ஈரத்துணியில் அது எவ்வளவு கனக்கும்,
சரிவு எங்கே இழுக்கும்,
இந்த அடிக்குப் பிறகு
அடுத்த அடிக்கு எங்கே நிற்க வேண்டும்.

அன்றைக்கு அவள் ஐம்பத்துமூன்று, பல்பினோ ஐம்பத்திரண்டு.
மிச்சம் பதினாலும் பதினைந்தும் போய்
பதினைந்து மட்டும் என்றாகியிருந்தது.
பதினாலை அவள் போட்ட விதத்தைச் சொல்ல வேண்டும்:
வெள்ளையின் அடிவயிற்றில் ஒரு குத்து.
அது போனது, தொட்டது,
கடன் கேட்கப் போனவன்
வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணிப் பார்த்துவிட்டு
சத்தமில்லாமல் திரும்புவதுபோல்
வந்த வழியே வந்து நின்றது.

பிறகு பதினைந்து.
மெல்லத்தான் அடித்தாள். விழுந்தது.
பந்தயம் கட்டியவர்கள் கூரை அதிரக் கத்தினார்கள்.
வெள்ளை இரண்டு மெத்தையில் பட்டு
வேகம் செத்து
மூலைக் குழியின் உதட்டில் வந்து நின்றது.
நின்றது. நான் பார்த்தேன்.
பல்பினோவின் கை சட்டைப்பைக்குள் போயிருந்தது.

அப்போதுதான் ஐஸ் லாரி.
குழல்விளக்கு சிமிட்டியது.
தண்ணீர்த் தம்ளரில் வட்டங்கள்.
டொக்.

அரைமணி நேரம் சண்டை.
நின்றதா, நிற்கப் போனதா.
நின்றது என்றால் எத்தனை விநாடி, எண்ணியது யார்.
ஒருவன் லாரிக்காரனைத் திட்டினான்,
இன்னொருவன் என் அட்டையை.
பல்பினோ மாதாமேல் சத்தியம் செய்தான்,
எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை.

ஃப்ளோரிசா குனிந்து
பதினைந்தைக் குழியிலிருந்து எடுத்துப் புள்ளியில் வைத்தாள்.
"வெள்ளை என் பொறுப்பு" என்றாள்.
பல்பினோ போட்டான்.
மீன்வாசனையோடு ஐந்நூறு பெசோ கைமாறியது.
லாரிக்குப் பின்னால் ஓடினாள்.
அந்த ஐஸ் அவளுக்கு வந்ததுதான்.

அடுத்த வாரமும் வந்தாள்.
அதே இருவர், அதே தொகை, அதே மழை.
பத்து மணி பத்து நிமிடம்.
குழந்தைகூடப் போடக்கூடிய பந்து எதிரே.
குனிந்தாள். நிமிர்ந்தாள்.
குச்சி முனையில் நீலச் சாக்பீஸ் தேய்த்தாள்.
மறுபடி குனிந்தாள், மறுபடி நிமிர்ந்தாள், மறுபடி சாக்பீஸ்.
"கை நடுங்குகிறதோ" என்றான் பல்பினோ.
அவளுக்கு எதிராய்ப் பணம் ஏறியது.
என்னிடம் தண்ணீர் கேட்டாள்.
பாதி குடித்தாள்.

லாரி போனது.
மேசை நடுங்கி அடங்கியபோது
வெள்ளை ஒரு விரற்கடை
இடப்பக்கம் நகர்ந்திருந்தது.
அதற்குத்தான் காத்திருந்தாள் என்று
நான் இன்றுவரை நம்பவில்லை.
ஆனால் முன்பு இல்லாத ஒரு கோணம்
இப்போது இருந்தது.
அடுத்த மூன்று பந்துக்கும் அதுவே வழி.

பணத்தை எண்ணி மடித்துக்கொண்டு
போகிற போக்கில் சொன்னாள்:
"டூலோ, அந்த அட்டையை
மாற்றிக்கீற்றி வைத்துவிடாதே."