மூன்றாம் விருப்பம்

வெள்ளி இரவு ஒன்பதரைக்கு
பதினோரு ஆண்டுகள் நான் அமைச்சராக இருந்தேன்.
முதலில் வானொலியில்.
பிறகு தொலைக்காட்சியில்,
காதோரம் அரிக்கும் ஒரு நரைத்த விக்கோடு.
ஓய்வூதியம் கிடையாது.

நிஜ அமைச்சர், கார்மக் ஹெஃபர்னன்,
லாங்ஃபோர்டில் இருந்தார்.
சதுப்பு நிலம், சாலைக்குழி, வெள்ளம்
எதற்கும் அவரிடம் ஒரு குழு இருந்தது.
குழுவுக்கு ஓர் அறிக்கை,
அறிக்கையை ஆராய இன்னொரு குழு.
எங்களுக்கு எழுதித்தரும் டெர்வ்லா சொல்வாள்:
"அவர் பேசினதை அப்படியே படி, மாலக்கி.
நகைச்சுவை சேர்த்தால் கெட்டுப்போகும்."

நான் சேர்த்தது ஒன்றே ஒன்று.
பொய்க்கு முன்னால் அவர்
மூக்கை ஒருதரம் உறிஞ்சுவார்.
கிண்ணத்தின் அடியில் கடைசி சூப் போல
ஒரு சின்னச் சத்தம்.
அதை நான் ஒலிபரப்பிய வாரம்
நாட்டுக்கே சளி பிடித்தது.
வீட்டுப்பாடம் எங்கே என்றால்
பிள்ளைகள் உறிஞ்சினார்கள்.
கூரை நிதிக் கணக்கு வாசித்த பாதிரியார்
நிஜமாகவே தடுமல்காரர், பாவம்,
பிரசங்கத்தைப் பாதியில் முடித்தார்.
அமைச்சரும் நிறுத்திப் பார்த்தார்.
ஆறு நாள்.
அந்த ஆறு நாளும் அவையில்
அவர் வாயே திறக்கவில்லை.

தேர்தல் வந்தது.
எங்கள் வாக்கில் ஒரே குத்து கிடையாது.
ஒன்று, இரண்டு, மூன்று என்று
பிடித்தவரிலிருந்து பிடிக்காதவர்வரை எண் எழுத வேண்டும்.
தோற்றவர் சீட்டு அடுத்த பெயருக்குப் போகும்,
அண்ணன் கோட்டு தம்பிக்குப் போவதுபோல.
நான் பிறந்ததும் லாங்ஃபோர்டில்தான்,
வாக்கும் அங்கேதான்.
ஃபிடெல்மா குவிக்லிக்கு ஒன்று.
மருந்துக்கடைக்காரி, நேர்மையானவள்,
பேருந்து விடுவேன் என்றவள்.
சைக்கிளில் பிரசாரம் செய்த பையனுக்கு இரண்டு.
அப்புறம்
நூலில் கட்டிய பென்சில் கொஞ்சம் நின்றது.
வீட்டுக்கடன் இன்னும் ஒன்பது ஆண்டு.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறார்கள்.
உப்பிட்டவன் யோக்கியனா என்று
யாரும் கேட்கச் சொல்லவில்லை.
ஹெஃபர்னனுக்கு மூன்று.

உடற்பயிற்சிக் கூடத்தில் எண்ணினார்கள்,
கூடைப்பந்து வளையத்தின் கீழே,
தேநீரும் ஈரக்கோட்டும் மணக்க.
ஏழாம் சுற்றில் முன்னூற்றுப் பன்னிரண்டு பின்னால்.
எட்டாம் சுற்றில் குதிரை வைத்தியர் விழுந்தார்,
அவர் சீட்டுகள் அமைச்சரைத் தாண்டிப் போயின.
ஒன்பதில் முடிந்தது.
ஃபிடெல்மா ஜெயித்தாள்.
என் சீட்டு முதல் பெயரிலேயே உட்கார்ந்துவிட்டது.
அந்த மூன்றை
எவரும் படிக்கவேயில்லை.

மேடையில் ஃபிடெல்மா நன்றி சொன்னாள்.
கழுவிக் கவிழ்த்த தட்டுபோல் ஒரு குரல்,
பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பு இல்லை.
கணக்கன்போல் யோசித்தேன், வெட்கம்தான்.

பிறகு அவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.
"தோற்றதில் எனக்கு வருத்தமில்லை" என்றார்,
மூக்கு சும்மா இருந்தது.
கூடம் காத்திருந்தது. சிலர் சிரிப்பைத் தயாராக
வாயில் வைத்திருந்தார்கள்.
"இந்த மக்களை..." என்றார்.
உறிஞ்சினார்.
"...நான் நேசித்தேன்."

யாரும் சிரிக்கவில்லை.
பதினோரு ஆண்டு அந்த மூக்கில் பிழைத்தவன் நான்.
பொய்யா அழுகையா என்று
எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் தூறல்.
என்னைப் பார்த்து நின்றார்.
"இனி நீ என்ன செய்வாய்?"
"அதை ஆராய ஒரு குழு அமைத்திருக்கிறேன்"
என்றேன், அவர் குரலில்.
"நான் அப்படிப் பேசுவதேயில்லை" என்றார்,
அச்சாக அப்படியே.
சாவியைத் தேடினார், இந்தப் பையில், அந்தப் பையில்.
அப்புறம், என்னைப் பார்க்காமல்:
"உன் முதல் விருப்பம் யாருக்கு?"

"உங்களுக்குத்தான்" என்றேன்.
ஆனால் சொல்லுக்கு முன்பே
அது வந்துவிட்டது,
என் மூக்கில், சின்னதாக,
ஒத்திகை எதுவும் இல்லாமல்.

அவர் கைக்குட்டையை எடுத்து
நீட்டினார்.